உஷார்! தென் அமெரிக்கக் கப்பல் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா?

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு, பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்த சந்தோஷம், அமெரிக்காவில் இருக்கும் பெண்ணின் வற்புறுத்தல் என்று ஏதோ ஒரு காரணத்தால், தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றும் சொகுசுக் கப்பலுக்கு நம்மூரிலும் டிக்கெட் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பென்குயின், பனிமலை, பதினான்கு இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, ‘இன்று மாலைக்குள் பதிவு செய்தால் சலுகை’ என்று வாட்ஸ்அப்பில் வண்ணப்படம் வருகிறது. உடனே கூகுள் பே செய்துவிடாதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கைக்குப் போய்வந்த கப்பலையோ, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போன கப்பலையோ மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுவது மிகப் பெரிய ஆபத்து. கடலும் வேறு, காகிதமும் வேறு.

முதலில் காகிதம். கப்பல் கிளம்புவதற்கு முன்பே பயணம் முறிந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

வழக்கமான தடத்தைக் கையில் பேனாவோடு எழுதிப் பாருங்கள். புவெனஸ் அயர்ஸில் ஏறுகிறீர்கள், அது அர்ஜென்டினா. மறுநாள் மான்டிவீடியோ, அது உருகுவே. அடுத்து பென்குயின் பார்க்க புவேர்ட்டோ மாட்ரின், மறுபடி அர்ஜென்டினா. அதன்பின் ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி. அது பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. கேப் ஹார்னைச் சுற்றி உஷுவாயா வந்தால் மூன்றாம் முறையாக அர்ஜென்டினா. பிறகு புன்டா அரீனாஸ், கடைசியில் சான் அன்டோனியோ, இரண்டும் சிலி. ஒரே பயணத்தில் அர்ஜென்டினாவுக்குள் மூன்று முறை நுழைகிறீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது சிங்கிள் என்ட்ரி விசா என்றால் கணக்கு முதல் ஊரிலேயே இடிக்கிறது.

‘மான்டிவீடியோவில் நாங்கள் இறங்கப்போவதில்லை, கப்பலிலேயே இருந்துகொள்கிறோம்’ என்று வாதாடிப் பயனில்லை. ஏறும் துறைமுகத்தின் கவுன்ட்டரில் கப்பல் நிறுவனத்தார் எல்லா நாட்டு ஆவணங்களையும் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் ஏற்ற மறுக்கலாம். அப்படி மறுத்தால் பணமும் திரும்பாது. பயண ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கீழே டிக் அடித்தது நாம்தான் என்பார்கள்.

‘அமெரிக்க விசா இருக்கிறதா? அப்படியானால் எல்லாம் சரி சார்’ என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சில நாடுகள் சலுகை தருவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் நிபந்தனை வேறு, அதுவும் அடிக்கடி மாறுகிறது. ஏஜென்டின் வாய்வார்த்தை போதாது. அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் பதில் எழுத்தில் வேண்டும், நீங்கள் கிளம்பும் தேதிக்குப் பொருந்துவதாக வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். விமான டிக்கெட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். கப்பல் பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரியாது. பதிவு செய்யும்போதே மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ஊசி. இதைத்தான் பலர் கேள்விப்படாமலே கிளம்புகிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் இருக்கின்றன. புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் அந்தக் காய்ச்சல் பயம் கிடையாது, அங்கே யாரும் உங்களிடம் சான்று கேட்கப்போவதுமில்லை. சிக்கல் வருவது ஊர் திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்கும்போது. அந்த நாடுகளை விட்டு 6 நாட்களுக்குள் இந்தியா வந்து சேருகிறவரிடம் செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. நம் ஊரிலிருந்து அந்தப் பக்கம் போகும் விமானங்களில் சில சாவ் பாவ்லோ வழியாகப் போகின்றன. அங்கே விமானம் மாறினாலும் பிரேசில் கேள்வி எழும். சிலியில் ஏறி புவெனஸ் அயர்ஸில் முடியும் எதிர்த்திசைப் பயணம் என்றால், அர்ஜென்டினாவிலிருந்து நேராக வீடு திரும்புவீர்கள். மாட்டிக்கொள்ள வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஆனால் மூலைக்கு மூலை கிடைக்கிற ஊசியல்ல. நாள் பார்த்து, முன்பதிவு செய்து போக வேண்டும்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரிதாகக் கடுமையான பின்விளைவுகள் வரும் அபாயம் கூடுகிறது. முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அறுபதாம் கல்யாணப் பரிசாகப் பயணம் போகிறவர்கள் எந்த வயதில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! டிக்கெட் எடுத்தபின் டாக்டரிடம் போகாதீர்கள். முதலில் டாக்டர், பிறகு டிக்கெட். ‘இவருக்குப் போட வேண்டாம்’ என்று டாக்டர் சொன்னால், அந்தக் கடிதம் திரும்பி வரும்போது ஏற்கப்படுமா என்று விமான நிலையச் சுகாதார அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சரியான பதில் வரவில்லையா? வேறு பயணம் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கடல். தெற்கே 40 பாகையைத் தாண்டினால் மேற்குக் காற்றைத் தடுக்க நிலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உலகத்தையே சுற்றிவரும் அந்தக் காற்றும் அலையும், தென் அமெரிக்காவின் நுனிக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே சுமார் 800 கி.மீ. அகலமே உள்ள டிரேக் நீரிணைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. கிட்டத்தட்ட 56 பாகையில் இருக்கும் கேப் ஹார்ன் அருகே கடலின் ஆழமும் குறைகிறது. அலை இன்னும் உயர்கிறது. 1914-ல் பனாமா கால்வாய் திறக்கும் வரை இந்த முனையைச் சுற்றித்தான் பாய்மரக் கப்பல்கள் பெரும்பாலும் போயின. நூற்றுக்கணக்கானவை இங்கே மூழ்கின. அந்த மாலுமிகளின் நினைவாக 1992-ல் தீவின் மேல் அல்பட்ராஸ் பறவை வடிவில் ஒரு சின்னம் எழுப்பினார்கள். 2014-ல் காற்று அதையே சேதப்படுத்தியது.

இன்றைய பெரிய கப்பல்கள் உறுதியானவை, மூழ்கும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் 2022 நவம்பர் 29 இரவு, அண்டார்டிகாவிலிருந்து உஷுவாயா நோக்கி வந்துகொண்டிருந்த வைக்கிங் போலாரிஸ் என்ற புத்தம்புதுக் கப்பலை ஒரு ராட்சத அலை தாக்கியது. அறைகளின் கண்ணாடி ஜன்னல்கள் உடைந்தன. அமெரிக்கப் பயணி ஒருவர் இறந்தார். நான்கு பேர் காயமடைந்தார்கள். கேப்டன் ஒலிபெருக்கியில் ‘அறையை விட்டு வெளியே வராதீர்கள், கைப்பிடியை விடாதீர்கள்’ என்று சொன்னால் அது சம்பிரதாயப் பேச்சல்ல. அப்படியே கேளுங்கள்.

உயரமான தளத்தில் பால்கனி அறை கேட்டு அதிகப் பணம் கட்டுகிறவர்களும் யோசிக்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் அதிகம். வாந்தி, தலைசுற்றல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். சிலியின் உள்வாய்க்கால்களில் அசைவே தெரியாமல் போகும் கப்பல், பெனாஸ் வளைகுடாவில் திறந்த பசிபிக்குக்கு வந்ததும் குலுங்கத் தொடங்கும். மாத்திரையை அதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது.

விளம்பரத்தில் படமாக இருக்கும் ஊரெல்லாம் உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஸ்டான்லியில் பெரிய கப்பல் கரையில் கட்டாது. வெளித் துறைமுகத்தில் நங்கூரமிட்டு, டெண்டர் என்ற சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். அந்த இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு, வெளியே ஈரமான ஒரு மேடை. படகு ஒரு முழம் எழுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. இரண்டு சிப்பந்திகள் இரு முழங்கையையும் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடியில் ‘இப்போது!’ என்கிறார்கள். அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். மூட்டு தேய்ந்த அம்மாவால் அது முடியுமா? நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பெரும்பாலும் அனுமதிக்கவே மாட்டார்கள்.

காற்று கூடினால் யாருக்குமே இறக்கம் இல்லை. ஸ்டான்லி கைவிட்டுப் போவது அபூர்வமே அல்ல. கேப் ஹார்னைத் தூரத்திலிருந்து மூடுபனியில் காட்டிவிட்டுத் திரும்பினாலும் ஒப்பந்தப்படி அது குற்றமில்லை. துறைமுகத்தை மாற்றவும் விடவும் கேப்டனுக்கு முழு உரிமை உண்டு. உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது பொதுவாகத் துறைமுக வரி மட்டும். தனியாரிடம் முன்பணம் கட்டிய, பென்குயின் பார்க்கும் ஜீப் பயணத்துக்கு, கப்பல் வராவிட்டால் பணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

‘அண்டார்டிகாவும் உண்டு’ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம். 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிய கப்பலிலிருந்து அண்டார்டிகாவில் யாரையும் கரை இறக்கக் கூடாது. அது சர்வதேச விதி. பெரிய கப்பலில் போனால் மேல்தளத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பனியில் கால் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், கப்பலில் எத்தனை பயணிகள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்? கப்பலில் டாக்டர் உண்டு, இலவசம் கிடையாது. பில் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும். பெரிய பிரச்சினை என்றால் ஸ்டான்லியில் இருப்பது ஒரு சிறிய மருத்துவமனை. அதற்கு மேல் தனி விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டும் தூரம் என்று ஒன்று இருக்கிறது. ஆகவே டிக்கெட்டோடு சேர்த்துத் தலையில் கட்டும் மலிவான இன்ஷூரன்ஸ் உதவாது. கப்பல் பயணத்துக்குப் பொருந்துமா, மருத்துவ விமானச் செலவு எவ்வளவு வரை, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உண்டா என்று பாலிசியில் தேடிப் படியுங்கள். 70 வயதுக்கு மேல் பல பாலிசிகளில் தொகையைச் சுருக்கிவிடுகிறார்கள். சுகர், பிரஷர், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் ஒரு பைசா வராது.

2020-ல் நடந்ததையும் மறக்கக் கூடாது. மார்ச் 7 அன்று புவெனஸ் அயர்ஸில் கிளம்பிய ஸான்டாம் கப்பல், 21-ம் தேதி சான் அன்டோனியோவில் பயணத்தை முடித்திருக்க வேண்டும். கொரோனாவால் துறைமுகங்கள் அடுத்தடுத்து மூடின. கப்பலிலேயே நான்கு பேர் இறந்தார்கள். பனாமா கால்வாய் வழியாக அலைந்து ஃபுளோரிடாவில் கரை சேர்ந்தது ஏப்ரல் 2 அன்று. அப்படி ஒரு காலம் திரும்ப வராமல் போகட்டும். ஆனால் தினசரி மாத்திரையை மட்டும் பயண நாட்களைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

சாப்பாட்டு மூட்டைக்கு வருகிறேன். சிலியின் விவசாயச் சோதனை மிகக் கடுமையானது. காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, முளைக்கும் பயறு, நெய், தேன் எல்லாம் கேள்விக்கு உள்ளாகும். கப்பலின் சாப்பாட்டு மேசையில் எடுத்துப் பையில் போட்ட ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் உண்டு. படிவத்தில் ‘இருக்கிறது’ என்று எழுதிவிட்டால், அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். ‘இல்லை’ என்று எழுதி மோப்ப நாயிடம் மாட்டினால்தான் வம்பு. சைவ உணவு வேண்டுமென்றால் பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். இந்தத் தென்முனை நிலமான பட்டகோனியா ஆட்டிறைச்சிக்குப் பேர்போன பூமி.

கரையில் தனி டாக்சி பிடித்துத் தூரம் போகாதீர்கள். புன்டா அரீனாஸிலிருந்து புவேர்ட்டோ நட்டாலஸ் மட்டுமே சுமார் 250 கி.மீ.; டொரஸ் டெல் பைனே மலைகள் அதற்கும் அப்பால். கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்சிக்குக் காத்திருக்காது. புவெனஸ் அயர்ஸில் யாராவது உங்கள் சட்டையில் பறவை எச்சம் பட்டிருக்கிறது என்று துடைக்க வந்தால், நிற்காமல் நடந்து ஒரு கடைக்குள் புகுந்துவிடுங்கள். ஒருவர் துடைக்கும்போது மற்றவர் பையை எடுத்துவிடுவார். கப்பலில் ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் அது பிடிக்கும் சாட்டிலைட் நெட்வொர்க் பெரும்பாலான ரோமிங் பேக்குகளில் சேராது. பில் ஆயிரக்கணக்கில் வரும்.

‘சாண்டியாகோவில் முடிகிறது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி அன்றைக்கே விமானம் போடாதீர்கள். கப்பல் நிற்பது சான் அன்டோனியோவில் அல்லது வால்பரைசோவில். இரண்டும் சாண்டியாகோவிலிருந்து 100 கி.மீ.க்கு மேல். போகும்போதும் இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. இடையில் ஒரு விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும்.

ஆகவே பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கும், சேமிப்பை எடுத்து நீட்டும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லா நாட்டு விசாவுக்கும் எழுத்தில் பதில், ஊசி பற்றி டாக்டரின் கருத்து, படித்துப் பார்த்த இன்ஷூரன்ஸ் பாலிசி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற தாள் ஆகியவை கைக்கு வரும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். ‘இன்றே கடைசி நாள்’ என்று ஏஜென்ட் நெருக்கினால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். இந்தக் கப்பல்கள் ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் மார்ச் வரை ஓடுகின்றன.