விடுமுறைக்கு வந்த பெண்



கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் அக்கா ஒருவர் சென்ற முறை என்னைப் பார்த்தபோது குறைபட்டுக்கொண்டார். நீண்ட பள்ளி விடுமுறையில் பட்டணத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலர், தேவாலயக் குழு ஒன்றின் சார்பில் சேவை செய்ய வந்திருந்தார்களாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், பலூன் கொடுத்தார்கள், கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள்.

"நல்ல பிள்ளைங்கதான் தம்பி. ஆனா பின் லயத்துல இனிப்பு நீரு வந்து கால் புண்ணோட ஒரு பாட்டி கிடக்கிறாங்க. அந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ரெண்டு வாரத்துக்கு வந்து போறதுல என்ன பிரயோசனம்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். தேவாலயப் பிள்ளைகளை மட்டும் குறித்த கேள்வியும் அல்ல அது. கோயில் மன்றத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், பல்கலைக்கழகச் சங்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாரையும் பார்த்துக் கேட்கலாம். அக்காவுக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒரு பெண்ணின் நினைவு வந்தது. அவளும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தாள்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டைச் சூறையாடிய பஞ்சம் அது. பசிக்கு அஞ்சி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் நம் முன்னோரில் எத்தனையோ பேர். இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் இந்த வட்டாரம் அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி. இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். அதே பஞ்சத்தை வேலூரில் கண்ணால் கண்ட ஒரு வெள்ளைக்காரச் சிறுமி இருந்தாள். பெயர் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். அப்பா டாக்டர், பாதிரியார். தாத்தாவும் அப்படியே, 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்தவர். குடும்பமே மிஷன் குடும்பம்.

ஐடாவுக்கோ அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணமும் உண்டு. சிறு வயதிலேயே அவளை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, முதலில் அப்பாவும் பிறகு அம்மாவும் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த தாய்மார்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், தலையணை எத்தனை இரவு நனைந்தது என்று! அவள் பெரியவளானதும், மிஷன் வேலைக்குப் போவதே இல்லை என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அமெரிக்காவிலேயே நன்றாக வாழ வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

1890-இல், நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படிப்பை முடித்த சமயத்தில், அம்மாவுக்கு உடல்நலம் இல்லை என்று திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது. கொஞ்ச காலம் கூட இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது, அப்பாவுக்குக் கைகொடுப்பது, பிறகு திரும்பிவிடுவது. இந்த எண்ணத்தோடுதான் கப்பலேறினாள். வயது இருபதுகூட நிறையவில்லை.

பின்வரும் செய்தி ஐடாவே பிற்காலத்தில் பலமுறை சொன்னது.

ஓர் இரவு ஐடா தன் அறையில் இருந்தாள். வாசலில் காலடிச் சத்தம். ஒரு பிராமண இளைஞர் நின்றார். வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, குழந்தை வெளியே வரவில்லை, மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வந்து உதவ வேண்டும் என்றார். அந்த மனைவியோ பதினான்கு வயதுச் சிறு பெண். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. அந்நிய ஆண் தம் மனைவியைத் தொட்டுப் பார்க்க விடுவதைக் காட்டிலும் அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அவர் இருட்டில் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் இன்னொருவர். இவர் முஸ்லிம். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே பதில். அதன் பிறகு மூன்றாவதாக ஒருவர். அவரும் அப்படியே திரும்பினார்.

விடியும் வரை அவளுக்குத் தூக்கம் இல்லை. காலையில் தெருவில் பறைச் சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

வாசகர்களே, அந்தக் கணவன்மார்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடு இரவில் வெள்ளைக்காரர் வீட்டு வாசலுக்கு அவர்களை ஓடிவரச் செய்தது மனைவிமேல் இருந்த பாசம்தானே? பாசம் ஒரு பக்கம் இழுத்தது, பழக்கம் மறு பக்கம் இழுத்தது. நம் தோட்டங்களிலும் அந்தக் காலத்தில் ஆண் டிரெஸரிடம் காட்ட வெட்கப்பட்டு, வலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்ட பாட்டிமார்கள் இல்லையா? அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது மருத்துவம் கற்ற ஒரு பெண். ஐடா பெண்தான், ஆனால் அவள் கையில் மருத்துவம் இல்லை.

நான் அக்காவுக்குச் சொல்ல நினைத்த பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலையில் ஐடா அழுதுவிட்டு அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம். மனம் இளகி, இங்கேயே தங்கி, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கலாம். ஊரார் பாராட்டியிருப்பார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை. அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வருகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னாள்.

சொன்னபடி செய்தாள். 1895-இல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றாள். அந்தக் கல்லூரி அப்போதுதான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஊர் திரும்புமுன் மருத்துவமனை கட்ட நன்கொடை கேட்டு அலைந்தபோது, முதிய வங்கிக்காரர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார்.

1900-இன் தொடக்கத்தில் டாக்டர் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். இனி 'அவர்' என்றே சொல்வோம். வந்த சில மாதங்களில் அப்பா காலமானார். வழிகாட்ட வேண்டியவர் போய்விட்டார். பங்களாவிலேயே ஒரு சிறிய அறையில் வைத்தியம் தொடங்கினார். முதலில் ஆள் வருவதாக இல்லை. சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற சந்தேகம்தான்! வீட்டுச் சமையல்காரரின் மனைவி சலோமிதான் மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பழகிக்கொண்டு முதல் உதவியாளரானார். வெள்ளைக்கார டாக்டர் பெயர் பெரிதாகத் தெரிகிறது. எனக்கோ இந்தச் சலோமியைத்தான் அதிகம் பிடிக்கிறது.

மெல்ல மெல்லக் கூட்டம் வந்தது. 1902-இல் அந்த வங்கிக்காரரின் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போதும் போதவில்லை. எத்தனை பேரை ஒருத்தி பார்க்க முடியும்? ஆகவே 1909-இல் தாதிமார் பயிற்சிப் பள்ளி. 1918-இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. பெண்கள் சேரவே மாட்டார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 1922-இல் பதினான்கு பெண்கள் தேர்வெழுதி, பதினான்கு பேரும் தேறினார்கள். வேலூர் சி.எம்.சி. என்று இன்று உலகறிந்த மருத்துவமனையின் கதை இது. 1947 முதல் அங்கே ஆண் மாணவர்களும் மருத்துவம் படிக்கிறார்கள். டாக்டர் ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார், வயது எண்பத்தொன்பது.

வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் வாரந்தோறும் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்ப்பது அவர் வழக்கம். மருத்துவமனைக்கு வர முடியாதவர்கள் அங்கே காத்திருப்பார்கள். முதலில் மாட்டு வண்டி. பிறகு ஒரு மோட்டார் கார். காரைக் கண்டு முதலில் பேய் என்று ஓடியவர்களும் உண்டாம்!

இத்தனையையும் போன வாரம் அந்த அக்காவிடம் சொன்னேன். பால்மரக் காட்டில் வேலை செய்து, பிறகு செம்பனைக்கு மாறி, இப்போது ஓய்வில் இருப்பவர். பொறுமையாகக் கேட்டார். சிறிது நேரம் பேசவில்லை.

"அந்தப் பொண்ணு வீட்டு வாசலுக்கு அவங்களே போய்த் தட்டினாங்க, இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"நாம யாரும் போய்த் தட்டலியே. பிள்ளைங்க கூடத்துல பாடிக்கிட்டு இருந்தாங்க, நாம கை தட்டிக்கிட்டு இருந்தோம்."

அடுத்த விடுமுறைக்கும் அந்தப் பிள்ளைகள் வருவதாகச் செய்தி வந்திருக்கிறதாம். வந்த அன்றைக்கே அவர்களில் இருவரைக் கையோடு பின் லயத்துக்கு அழைத்துப் போய், பாட்டியின் காலைக் காட்டப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.