காந்த மலையும் கண்ணின் மயக்கமும்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் முற்பகுதியை அனைவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். ஆனால், தீர விசாரித்தல் என்பது எங்ஙனம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வாறு எண்ணத் தூண்டும் ஓரிடத்தைப் பற்றி நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

லடாக்கிலுள்ள லே நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. சமவெளியிலிருந்து செல்வோர் அங்கு இரண்டு நாட்களேனும் ஓய்ந்திருந்து, அடர்த்தி குறைந்த காற்றுக்கு உடலைப் பழக்கிக்கொள்ளுதல் வேண்டும். நானும் அவ்வாறே தங்கிய பின், ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றேன். அங்கே சாலையில் ஒரு கட்டம் வரைந்து, அருகில் 'காந்த மலை' என்று பலகையும் நாட்டியிருக்கிறார்கள். அக்கட்டத்தில் வண்டியை நிறுத்தி, கியரை நீக்கி, தடையைத் தளர்த்தினால், வண்டி தானே நகர்கிறது; அதுவும் மேட்டை நோக்கி நகர்கிறது! மலையிலுள்ள காந்தமே வண்டியை இழுக்கிறது என்று பலர் நம்புகின்றனர். புண்ணியம் செய்தோரைச் சுவர்க்கத்திற்கு இழுத்துச் சென்ற வழி இது என்று ஒரு கதையும் வழங்குகிறது.

காந்தம் இரும்பை இழுக்கும், இரப்பரை இழுக்காது, நீரையும் இழுக்காது. எனவே நான் இரண்டு எளிய சோதனைகளைச் செய்து பார்த்தேன். சிறுவர் விளையாடும் இரப்பர்ப் பந்து ஒன்றைச் சாலையில் வைத்தேன். அதுவும் வண்டி சென்ற திசையிலேயே உருண்டது. பின்னர், சிறு காற்றுக்குமிழி மட்டும் எஞ்சுமாறு நீர் நிரப்பி மூடிய புட்டியைச் சாலையின் போக்கிலேயே கிடத்தினேன். கொத்தனார் கையாளும் ரசமட்டத்தின் தத்துவமே இது. குமிழி எப்போதும் உயர்ந்த பக்கத்தையே நாடும். என் கண்ணுக்குப் பள்ளமாகத் தோன்றிய பக்கத்திற்கே குமிழி சென்றது. ஆகவே, மேடாகத் தோன்றியதே உண்மையில் பள்ளம். வண்டி இறக்கத்தில்தான் உருண்டிருக்கிறது.

கண் ஏன் இவ்வாறு மயங்குகிறது? ஒரு தளம் சமமானதா, சாய்வானதா என்பதைக் கண் தனித்து அறிவதில்லை. சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டே அறிகிறது. தொடுவானம், நேராக நிற்கும் மரங்கள், வீட்டுச் சுவர்கள் ஆகியவை அதற்குத் துணை. இங்கோ மலைகள் தொடுவானத்தை மறைக்கின்றன. மரங்களும் வீடுகளும் இல்லை. சுற்றுநிலம் முழுவதும் சாய்ந்து கிடக்கிறது. அந்தச் சாய்வையே கண் சமதளமாகக் கொண்டுவிடுகிறது. செங்குத்தான இறக்கத்தை அடுத்து வரும் மெல்லிய இறக்கமும் ஏற்றமாகவே தோன்றும். 2003ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் சிலர், மேசைமேல் சிறு மாதிரிச் சாலைகளை அமைத்து இம்மயக்கத்தை அப்படியே உண்டாக்கிக் காட்டினர். அவற்றில் காந்தம் ஏதும் இல்லை.

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியிலும் இத்தகைய சாலை ஒன்று உண்டு. அங்குள்ள சரிவு 86 அடிக்கு ஓர் அடியே. எனினும் அது நேர்மாறாகத் தோன்றுகிறது. அதற்கு வழங்கும் பெயர் 'மின்சாரச் சரிவு'. ஒரு காலத்தில் மின்சாரமே காரணம் என்று மக்கள் கருதியதால் அப்பெயர் வந்தது. புரியாத ஒன்றைக் கண்டால், கேள்விப்பட்ட பெரிய சக்தி ஒன்றின்மேல் பழியைப் போடுவது மனித இயல்பு போலும்!

காந்த மலையோடு திரும்பிவிடலாகாது. லேயிலிருந்து வரும் வழியில் குருநானக்கின் நினைவைப் போற்றும் பத்தர் சாகிப் குருத்துவாரா உள்ளது. மலையைக் கடந்து மேற்கே சென்றால், நிம்மு என்ற ஊரருகே சிந்து நதியும் சான்ஸ்கர் நதியும் வெவ்வேறு நிறத்தோடு வந்து கூடுகின்றன. அதற்கப்பால் பாஸ்கோவில் பழைய மண்கோட்டையின் சிதைவுகள் செங்குத்தான பாறைமேல் நிற்கின்றன. மேலும் சென்றால், சிந்துவின் கரையில் அல்ச்சி மடாலயத்தைக் காணலாம். அதன் மூன்றடுக்குக் கோயிலில் பல நூற்றாண்டுகளுக்கு முன் காஷ்மீரப் பாணியில் தீட்டிய ஓவியங்கள் இன்றும் ஒளிர்கின்றன.

பாஸ்கோவைப் போன்ற சரிவில் கண்ணை மட்டும் நம்பிச் சுவரெழுப்புதல் இயலாது. அதனாலன்றோ எந்த நாட்டுக் கொத்தனாரும் தூக்குக்குண்டைத் தேடுகிறார்! விமானிக்கோ இது உயிர்ப் பிரச்சினை. சாய்ந்து கிடக்கும் மேகத்திரளைத் தொடுவானம் என்று கண் காட்டிவிடும். அவ்வேளையில் கண்ணை நம்பாது எதிரிலுள்ள கருவியை நம்புமாறு அவருக்குப் பயிற்சி அளிக்கிறார்கள்.

பெற்றோரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. "வண்டி தானே மேட்டில் ஏறியதைக் கண்டேன்" என்று ஒரு பிள்ளை கூறினால், "பொய் சொல்லாதே" என்று அதட்டுதல் தகாது. வண்டி நகர்ந்தது மெய். அவ்விடம் மேடாகத் தோன்றியதும் மெய். அது மேடு என்பதும், காந்தம் இழுத்தது என்பதும் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. "நீ கண்டது எது? கருதியது எது? எதைக்கொண்டு அளந்து பார்க்கலாம்?" என்று கேட்டு, அப்பிள்ளையின் கையில் ஒரு புட்டி நீரைக் கொடுப்போமாக. தீர விசாரித்தல் என்பது இதுவே.