பாசியிடம் கேட்கும் எரிபொருள்

கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகு காசியில் ஓடுகிறது. ஆனால் அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்?

மட்டாஞ்சேரி படகுத்துறையில் நெடுங்காலம் டீசல் புகையும் மிளகு வாசனையும் கலந்தே வீசின. 2025 அக்டோபரில் அங்கே கொச்சி வாட்டர் மெட்ரோவின் நிலையம் திறக்கப்பட்டது. உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வரும் பேட்டரிப் படகுகளில் டீசல் ஜெனரேட்டர் அவசரத்துக்கு மட்டும்தான். இவற்றைக் கட்டியது எர்ணாகுளம் கரையில் இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளம்.

அதே தளம் ஹைட்ரஜனில் ஓடும் படகு ஒன்றையும் கட்டியது. 24 மீட்டர் நீளம், 50 பேர் ஏறலாம். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் இருந்தபடியே பிரதமர் மோடி அதைத் தொடங்கி வைத்தார். கொச்சிக்காரர்களுக்கு அதில் ஏறும் யோகம் இல்லை; படகு காசிக்குப் போனது. 2025 டிசம்பரில் கங்கையில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதன் எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. கழிவாக வெளியேறுவது தண்ணீர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜனைத் தயாரித்தாக வேண்டும். உலகில் பெரும்பகுதி இன்றும் இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்தே வருகிறது. எரிவாயுவிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் சுமார் 9 கிலோ கரியமில வாயு வெளியேறும். படகில் புகை இல்லை. புகைபோக்கி வேறு ஊரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீரை மின்சாரத்தால் பிளப்பது இன்னொரு வழி. கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். எரிபொருள் கலம் திருப்பித் தருவதோ 16, 17 யூனிட். மட்டாஞ்சேரி போன்ற குறுகிய தூரத்துக்கு இது கட்டுப்படியாகாத வியாபாரம், பேட்டரியே மேல். கனமான கலங்களுக்கும் நீண்ட பயணத்துக்கும்தான் ஹைட்ரஜன் தேவைப்படும்.

மின்சாரமே இல்லாமல், வெயிலை மட்டும் கொண்டு தண்ணீரைப் பிளக்க முடியுமா? குளத்துப் பாசி தினமும் அதைச் செய்கிறது. சில பச்சைப் பாசிகள் வெளிச்சத்தில் ஹைட்ரஜனும் விடும் என்பதை 1942லேயே ஹான்ஸ் காஃப்ரான் காட்டினார். பாசி வளர்ப்பு நமக்குப் புதிதல்ல. சி.வி. சேஷாத்ரி தலைமையில் சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் ஸ்பைருலினாவைச் சத்துணவாகவே வளர்த்துக் காட்டியது. வளர்ப்பது எளிது. அதனிடம் ஹைட்ரஜன் வாங்குவதுதான் பெரும்பாடு.

காரணம் பாசிக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரைப் பிளந்தால் ஆக்சிஜனும் வரும். ஹைட்ரஜனை உருவாக்கும் நொதிக்கு அந்த ஆக்சிஜன்தான் எமன். பட்டதுமே வேலை நின்றுவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனஸ்டாசியோஸ் மெலிஸ் குழு 2000ல் ஒரு தந்திரத்தை வெளியிட்டது: பாசியைக் கந்தகமின்றிப் பட்டினி போடுவது. ஆக்சிஜன் உற்பத்தி குறைகிறது. வருகிற கொஞ்சத்தையும் பாசியே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. மூடிய குடுவையில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. சில நாட்கள்தான். பிறகு பாசி சோர்ந்துபோகும். மறுபடி கந்தகம் ஊட்டித் தேற்ற வேண்டும். விழுகிற வெயிலில் ஹைட்ரஜனாக மாறுவதோ மிகச் சொற்பம்.

ஆக்சிஜனைத் தாங்கும் நொதியை உருவாக்க ஆய்வுக்கூடங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. படகுக்கு வேண்டியதோ நாள் முழுவதற்கும் கிலோக்கணக்கில் ஹைட்ரஜன். குடுவையில் கிடைப்பதை இன்னும் மில்லிலிட்டரில்தான் அளக்கிறார்கள்.