அடம்பிடிக்கும் எஞ்சின்

கோலார் தங்கவயல் இயந்திரங்களோடு வளர்ந்த ஊர். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கிய நாள்முதல், பூமிக்குள் இறங்கவும் ஏறவும், நீரை இறைக்கவும், பாறையைப் பொடியாக்கவும் இயந்திரமே துணை. அவற்றை ஓட்டுவதற்காகவே 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று குடியேறிய நம் மக்கள் அங்கே பாறையை மட்டுமா உடைத்தார்கள்? பட்டறைகளில் ஃபிட்டர்களாகவும் நின்று அந்த இயந்திரங்களைக் காத்தார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் எங்கள் ஊர்ப் பிழைப்பு பெரும்பாலும் பெங்களூரை நம்பி நிற்கிறது. விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலோ பங்காருப்பேட்டையிலோ ரயிலேறி, இருட்டிய பிறகு வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். ரயிலடிவரை போவதற்குப் பல வீடுகளில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் உண்டு. அது கிளம்பாவிட்டால் ரயில் தவறும். ரயில் தவறினால் அன்றைய கூலி போகும். ஆகவே, எஞ்சினின் அடத்தை வீட்டு வாசலிலேயே தீர்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு அன்று, வயிற்றுப்பாட்டுக் கல்வி. அந்தக் கல்வியைத் தாத்தா கற்பித்த முறையிலேயே இங்கே சொல்ல விழைகிறேன்.

பெட்ரோல் எஞ்சின் கேட்பவை மூன்றே. முதலாவது, அளவான எரிபொருளும் காற்றும். 1 கிலோ பெட்ரோல் செம்மையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். இரண்டாவது, உரிய நொடியில் ஒரு மின்பொறி. மூன்றாவது, அந்தக் கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்துதல். இம்மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையென்றால் இவற்றில் ஒன்று குறைகிறது. நம்மில் பலர் செய்வது என்ன? ஒருவர் கார்புரேட்டர் என்பார், இன்னொருவர் காயில் என்பார். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுவோம். வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டாலோ, பணமும் போய்க் குழப்பமும் கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதே தாத்தாவின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம், வண்டி நின்ற கணத்திலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது. குறை பெரும்பாலும் மின்பொறியில். உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, எஸ்டி போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். கையேடு சொன்ன அளவை மீறி, நல்லதுதானே என்று கூடுதலாக ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும். சைலன்சரும் கரியால் அடைபடும். அடைபட்ட சைலன்சர் உள்ள வண்டி சமதரையில் ஓடும், மேட்டில் திணறும்.

மின்பொறியைச் சோதிக்க, கழற்றிய பிளக்கை அதன் மூடியில் மாட்டி, உலோக உடலை எஞ்சினோடு ஒட்டவைத்து, கிக்கரை மிதிக்க வேண்டும். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி பறந்தால் நலம். மங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால், முதலில் நல்ல பிளக் ஒன்றை இரவல் வாங்கிச் சோதியுங்கள். பிறகு மூடி, வயர், பாயிண்ட், கண்டன்சர், கடைசியாகக் காயில். விலை குறைந்ததிலிருந்து விலை மிகுந்ததற்குப் போவதே முறை. அழுத்தத்தைச் சோதிக்கவும் கருவி வேண்டியதில்லை. சாவியை அணைத்து, பிளக் துளையைக் கட்டை விரலால் மூடிக் கிக்கரை மிதித்தால், காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும்.

இனி, உண்மையில் அடம்பிடித்த ஒரு வண்டியைப் பார்ப்போம். என் அண்ணன் பங்காருப்பேட்டைக்கு ஓட்டிச் செல்லும் பழைய வண்டி காலையில் ஒரே மிதியில் கிளம்பும். சில கிலோமீட்டர் சென்றதும் இருமி நிற்கும். அரைமணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ நன்றாகவே இருக்கும்! மூன்று முறை பட்டறை ஏறியது. புதுப் பிளக், புதுக் காயில் மாட்டியாயிற்று. நோய் தீரவில்லை. சூடேறினால் காயில் செத்துப் பிழைப்பது உண்டாதலால், எல்லாரும் மின்பக்கமே பார்த்தார்கள்.

தாத்தா ஒரு கேள்வி கேட்டார்: "எந்த நாளில் சீக்கிரம் நிற்கிறது?" அண்ணன் யோசித்து, "டாங்கை நிரப்பின அன்னிக்குத்தான் தாத்தா, சீக்கிரமா நின்னுடுது. பெட்ரோல்தான் கலப்படம்போல" என்றார். தாத்தா சிரித்தார். மறுநாள் நானும் உடன் சென்றேன். வண்டி நின்றதும் பிளக்கைக் கழற்றினோம், உலர்ந்திருந்தது. டாங்க் மூடியைத் திறந்தோம். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. பிளக்கை மாட்டி, சிறிது பொறுத்து மிதித்தோம், வண்டி கிளம்பிவிட்டது.

காரணம் எளியது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அதன் இடத்தை நிரப்பக் காற்று மேலிருந்து வரவேண்டும். அதற்காக டாங்க் மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. எங்கள் ஊரில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் மலைபோல் நிற்கின்றன. காற்றடித்தால் அவற்றின் மாவு போன்ற மணல் தெருவெங்கும் பறக்கும். அது பெட்ரோல் பிசுக்கோடு சேர்ந்து துளையை அடைத்திருந்தது. டாங்கினுள் காற்றழுத்தம் குறையவே பெட்ரோல் இறங்க மறுத்தது. நிரம்பிய டாங்கில் காற்றுக்கான இடம் குறைவு. ஆகவே கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் விரைவாக விழும். அரைமணி நேரத்தில் இடுக்குகள் வழியே காற்று கசிந்து புகும், வண்டி பிழைத்துக்கொள்ளும். ஒரு குண்டூசியால் தீர்ந்தது நோய். ஏர் ஃபில்டரையும் திறந்து பார்த்தோம். அங்கும் அதே மணல்தான்.

இக்காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வண்டி வாரக்கணக்கில் நின்றால், நீர் கலந்த எத்தனால் பிரிந்து அடியில் தங்கக்கூடும். பழைய ரப்பர்க் குழாய்களும் கெடக்கூடும். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் உள்ளதைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லையும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில், கார்புரேட்டருக்குப் பதில் கணினி ஆளும் பெட்ரோல் ஊசி இருக்கிறது. அங்கே பாட்டரி முனைகளையும் ஃபில்டரையும் பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் உரிய கருவி உள்ளவரிடம் செல்வதே அறிவு. எந்த வண்டியானாலும் பொறியைச் சோதிக்கும்போது பிளக்கைத் துளைக்கும் பெட்ரோலுக்கும் எட்டத்தில் வையுங்கள். தீக்குச்சி வெளிச்சத்தில் டாங்கைப் பார்க்காதீர்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, இரக்கமுமில்லை.

நண்பர்களே, விடுதி வாசலிலும் பழைய வண்டிகள் பல நிற்கின்றன. ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு குறிப்பேடும் வாங்கி வையுங்கள். எப்போது நின்றது, எத்தனை தூரத்தில், டாங்கில் எவ்வளவு, பிளக் நனைந்ததா உலர்ந்ததா என்று எழுதுங்கள். எஞ்சின் பொய் சொல்லாது. அது சொல்வதை வரிசையாகக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும், அவ்வளவே.