பிளக்கைச் செருகும் முன்...

பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம்களின் பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கிறவர்களிடம் காலின்ஸ் என்று சொல்லிப் பாருங்கள், மரியாதையாகப் பேசுவார்கள். ஹீத்கிட் என்றால், “முதல்ல மூடியைக் கழற்றிப் பாருங்க” என்பார்கள். காலின்ஸ் தொழிற்சாலையிலேயே முழுசாகத் தயாரானது. ஹீத்கிட்டோ உதிரி பாகங்களாகப் பெட்டியில் வந்தது. வாங்கியவரே சால்டரிங் அயர்னைப் பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் ஒரே மாடல் என்றாலும் உள்ளே ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

ஹீத்கிட் விமானத்தில் ஆரம்பித்த கம்பெனி. எட்வர்டு ஹீத் குட்டி விமானங்களையே உதிரிகளாக விற்றவர். 1931-ல் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்தார். நொடித்துப்போன கம்பெனியை 1935-ல் வாங்கிய ஹோவர்டு ஆந்தனி, போருக்குப் பின் ராணுவம் கழித்துக்கட்டிய பாகங்களை வைத்து 1947-ல் ஆசிலோஸ்கோப் கிட் விற்றார். அமோக வரவேற்பு. (1954-ல் அவரும் விமான விபத்தில்தான் போனார்.)

1970-களில் அமெரிக்க ஹாம்கள் பலரின் மேஜையில் இருந்தது ஹீத்கிட்டின் எச்.டபிள்யூ-101 செட். 80 மீட்டர் முதல் 10 மீட்டர் வரையிலான அலைவரிசைகளில் பேசலாம். சிக்னலைப் பெருக்கி அனுப்பும் கடைசிக் கட்டத்தில் இரண்டு 6146 வால்வுகள். இன்று ஒன்று கைக்கு வந்தால், வால்வைவிட முதலில் தேட வேண்டியது அதன் கையேட்டை. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் டிக் போட அடைப்புக்குறி விட்டிருப்பார்கள். டிக் விழாத படி ஏதாவது இருந்தால் அங்கிருந்தே தேடத் தொடங்கலாம். பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்த பற்று தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத இணைப்பு. செட் ஓடும்போது காய்ந்த மரக்குச்சியால் லேசாகத் தட்டினால் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். என் கணிப்பில், ‘வால்வு போச்சு’ என்று ஒதுக்கப்பட்ட செட்டுகள் பலவற்றில் வால்வு நன்றாகவே இருக்கும்.

கண்டென்சர் விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டக்கூடாது. எலக்ட்ரோலிட்டிக் வகை, பல வருடம் சும்மா கிடந்தால் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் கெட்டுவிடும். திடீரென மின்சாரம் பாய்ந்தால் ஷார்ட் ஆகி, டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். புதிது போட்ட பிறகும் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் கொடுத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி; மங்காவிட்டால் உடனே அணையுங்கள். உள்ளே ஏறத்தாழ 800 வோல்ட். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள் என்று பழைய ஆட்கள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல.

ஓட்டுவதும் ஒரு வேலைதான். சூடேறும்வரை அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். வாத்து கத்துவதுபோல் கேட்கும் குரலை, டயலை மயிரிழை நகர்த்தி மனிதக் குரலாக்க வேண்டும். பேசுமுன் பிளேட் கரன்ட் முள் சட்டென இறங்கும் ‘டிப்’பைப் பிடிக்க வேண்டும். தாமதித்தால் 6146-க்குள் தகடு சிவந்துவிடும். பட்டனைத் தட்டியதும் தானாக எல்லாம் சரியாகும் இன்றைய செட்டில் இந்தப் பதற்றமும் இல்லை, அந்த ருசியும் இல்லை.

இந்தியாவில் இப்படி ஒரு செட்டை வைத்து இயக்க ஹாம் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வில் மோர்ஸ் கிடையாது. ஹீத்கிட் கிடைக்காவிட்டால் என்ன, பரணில் தாத்தாவின் மர்பி வால்வு ரேடியோ இருக்கலாம். பாடுகிறதா என்று பார்க்கத் தயவுசெய்து நேராக பிளக்கில் செருகாதீர்கள். கண்டென்சரை மாற்றிய பிறகு, சீரிஸ் பல்போடு செருகுங்கள்.