புயற்காலமும் வீட்டுத் தோட்டமும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களும் வங்காள விரிகுடாவில் புயல்கள் உண்டாகுங் காலமாகும். புயலென்பது கடலோரத்தாருக்கே உரிய துன்பமென்றும், மேற்கு மலையடிவாரத்திலுள்ள நமக்கு அதனால் மழையன்றி வேறொன்றும் வாராதென்றும் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு முதலிய ஊர்க் குடியானவர்கள் பலர் கருதி வருகின்றனர். இக்கருத்து முற்றுஞ் சரியன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லக்ஷக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் வழியாய் மேற்கே சென்று மலையையுங் கடந்தது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிமுனைக்கருகே கடலிற் சென்றபோது, கன்னியாகுமரி ஜில்லாவில் வாழைகளும் ரப்பர் மரங்களும் ஏராளமாய் விழுந்தன. ஆகவே நமக்கு வடக்கேயும் தெற்கேயும் புயல்கள் சென்றிருக்கின்றன. நாமும் ஆயத்தமாயிருத்தல் அவசியம்.

மரம் விழுவதன் காரணம்

உள்நாட்டை அடையும்போது புயலின் வேகம் குறைந்துவிடுமாயினும், மழை குறைவதில்லை. பல நாள் மழையில் ஊறிய மண் வேரைப் பற்றும் வலுவை இழக்கிறது. அந்நிலையில் நடுத்தரமான காற்றே பெரிய மரத்தைச் சாய்த்துவிடும். மேலும், காற்றின் வேகம் இரு மடங்கானால் அது மரத்தின்மேல் செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும். தலைக்கனமும் அடர்ந்த இலையுமுள்ள மரமே அவ்வழுத்தத்தை மிகுதியாய்த் தாங்க வேண்டியதாகிறது. எனவே மேலே கனத்தைக் குறைப்பதும், கீழே தண்ணீரை வடிப்பதுமே நாம் செய்யத்தக்க இரண்டு காரியங்கள். ஏனையவெல்லாம் இவ்விரண்டனுள் அடங்கும்.

காற்றின் திசையையும் அறிந்துகொள்ள வேண்டும். புயலின் மையம் நமக்கு வடக்கே மேற்குநோக்கிச் சென்றால், காற்று வடமேற்கில் தொடங்கி, மேற்காய், பின் தென்மேற்காய் மாறும். தெற்கே சென்றால் வடகிழக்கில் தொடங்கித் தென்கிழக்கில் முடியும். ஆகையால் ஒரு பக்கத்தில் மட்டும் முட்டுக்கொடுப்பது போதாது.

புரட்டாசியிற் செய்ய வேண்டியவை

முருங்கை மரம் எளிதில் முறியக்கூடியது. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் அருகிலுள்ளவற்றின் உயர்ந்த கிளைகளைப் புரட்டாசியிலேயே வெட்டிவிட வேண்டும். வெட்டிய மரம் மழையில் நன்கு தழைக்கும், கீரைக்குக் குறைவிராது. மா, கொய்யா மரங்களில் நெருங்கிய கிளைகளைக் கழித்துக் காற்று ஊடுருவிச் செல்ல வழிசெய்தல் வேண்டும். கூரைமேல் கவிந்த கிளைகளை விட்டுவைக்கலாகாது. தென்னையில் காய்ந்த மட்டைகளையும் பன்னாடைகளையும் நீக்கி, முற்றிய தேங்காய்களைப் பறித்துவிடுக. பச்சை மட்டைகளை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் மகசூல் குறையும்.

வாழைக்கு மண் அணைத்து, காய்ந்த சருகுகளைக் களைந்து, குலை தள்ளியவற்றுக்கு மூங்கில் அல்லது சவுக்குக் கம்புகள் இரண்டைக் கவைபோல் சேர்த்து முட்டுக்கொடுக்க வேண்டும். பப்பாளிக்கும் இளம் தென்னங்கன்றுக்கும் மூன்று பக்கங்களில் கம்பு நட்டு, தண்டில் பழந்துணி சுற்றி அதன்மேல் கயிறு கட்டுக. வெறுங்கயிறு பட்டையை அறுத்துவிடும். தோட்டத்தின் தாழ்ந்த பக்கம் நோக்கி ஓரடி ஆழத்தில் வடிகால் எடுத்து, அது தெருச் சாக்கடையில் அடைபடாமற் சேருகிறதாவென்று பார்த்துக்கொள்ளவும்.

எச்சரிக்கை வந்தபின்

இந்திய வானிலை ஆய்வுத் துறையார் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களால் எச்சரிக்கை விடுக்கின்றனர். ஆரஞ்சு அறிவிப்பு வந்ததும், பறிக்கும் பருவத்திலுள்ள காய்களையெல்லாம் பறித்துவிடலாம். முக்காற்பங்கு முற்றிய வாழைக்குலைகளை வெட்டிவிடுவது நஷ்டத்தைக் குறைக்கும். புடலை, பாகற் பந்தல்கள் காற்றைப் பாய்போல் தாங்குமாதலால், கால்களை வலுப்படுத்தி, நைந்த கயிறுகளை மாற்றுக. விதைகளை நன்கு உலர்த்தி, இறுக மூடிய பாத்திரத்தில் வீட்டினுள் வைத்துக்கொள்க. தகரம், பூந்தொட்டி, ஏணி முதலியவற்றை வெளியே விட்டுவைக்கலாகாது. காற்று வீசத் தொடங்கியபின் ஒருவரும் மரத்தில் ஏறலாகாது.

இங்கே என் அநுபவம் ஒன்றைச் சொல்லுதல் பயன்தரும். சில ஆண்டுகளுக்கு முன் கூமாப்பட்டியில் ஓர் அம்மையாரின் வீட்டுக்குக் கார்த்திகை மாதத்தில் சென்றிருந்தேன். தொழுவத்தை ஒட்டி உயர்ந்த முருங்கை ஒன்று நின்றது. அதை வெட்டும்படி சொன்னேன். “பூவும் பிஞ்சுமாய் நிற்கிற மரத்தை எப்படி ஐயா வெட்டுவது? இந்தக் காயை விற்றுத்தானே பேரனுக்குப் பள்ளிச் செலவு பார்க்கிறேன்,” என்றார். அவர் சொன்னதும் நியாயமே, நான் வற்புறுத்தவில்லை. நான்காம் நாள் இரவு மழையோடு வீசிய காற்றில் மரம் முறிந்து தொழுவத்தின்மேல் விழ, கறவைப் பசுவின் கன்று இறந்தது. குற்றம் அவருடையதன்று. புரட்டாசியில், மரம் பூக்குமுன் சொல்லவேண்டியதை நான் கார்த்திகையிற் போய்ச் சொன்னேன். அன்று முதல் மழைக்கு முந்திய மாதத்திலேயே வீடுவீடாய்ச் சென்று இதனைக் கூறி வருகிறேன்.

புயல் ஓய்ந்தபின்

அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல் மின்வாரியத்தாருக்குத் தெரிவித்துவிட்டே தோட்டத்தினுள் இறங்க வேண்டும். தேங்கிய நீரை உடனே வடித்துவிடுக. சாய்ந்த இளங்கன்றுகளை மண் ஈரமாயிருக்கும்போதே நிமிர்த்தி, வேரை மூடி முட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். முறிந்த கிளைகளைச் சீராய் அறுத்து, வெட்டுவாயில் போர்டோப் பசை தடவுக.

இப்பசையை வீட்டிலேயே செய்யலாம். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பினுள் ஊற்றிக் கலக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே தக்கது, இரும்பு ஆகாது. துலக்கிய கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்தெடுத்தால் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னுஞ் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

விழுந்த தென்னை மரத்தைத் தோட்டத்திலேயே மட்கவிடுவது பெருந்தவறு. மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, எஞ்சிய தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். ஆகவே மரத்தை அறுத்து அப்புறப்படுத்துக; அடிக்கட்டையையும் தோண்டியெடுத்துவிடுக. வெறுமையான பாத்திகளில் சிறுகீரை, அரைக்கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குக் கறி கிடைக்கும். முள்ளங்கி அதற்கடுத்து வரும்.

புயலைத் தடுக்க மனிதரால் இயலாது. ஆயினும் புரட்டாசியில் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு இரண்டு நாள் உழைத்தால், தோட்டத்தையும் கூரையையும் தொழுவத்திலுள்ள உயிர்களையும் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். குடியானவர்கள் இவ்வாண்டிலேயே இதனைக் கைக்கொண்டு பயனடைவார்களென நம்புகிறேன்.