குக்கல் – பெரிய பிள்ளைகளுக்கும் வருமா?

"எத்தனை நாளா மகன் இந்த இருமல்?"

"ஒரு மாசம் இருக்குங்க ஐயா."

"மருந்து ஏதும் எடுத்தியா?"

"கொத்தமல்லி அவிச்சிக் குடிச்சேன். குளிருக்குத்தானே, தன்னால போயிரும்."

தோட்ட டிஸ்பென்சரியில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மீரியபெத்த, கொஸ்லந்த, பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் லயத்துக்கு லயம் இருமல் சத்தம்தான். மலையில் பனி, அடுப்பில் ஈர விறகுப் புகை, ஸ்டோரில் தேயிலைத் தூசி என்று இருமலுக்குக் காரணம் சொல்ல நமக்குப் பஞ்சமே இல்லை. அதனால் பதினைந்து, பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை ஒன்று மாதக் கணக்கில் இருமினாலும் அது குக்கலாக இருக்குமோ என்று யாரும் நினைப்பதில்லை. "குக்கல் சின்னப் பிள்ளைகளுக்கு வாறதுதானே? இவனுக்குத்தான் ஊசியெல்லாம் போட்டாச்சே!" என்பார்கள்.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

குக்கல், கக்குவான் இருமல் என்று இரண்டு பெயரிலும் நாம் சொல்வது ஒரே நோயைத்தான். இதை உண்டாக்கும் கிருமியை 1906இல் பெல்ஜியம் நாட்டில் போர்டே, ஜான்கூ என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். தொற்றி ஒரு வாரம், பத்து நாளில் சாதாரணத் தடிமன் போலத் தொடங்கும். மூக்கு ஒழுகும், இலேசான இருமல் இருக்கும். ஒன்றிரண்டு வாரம் போன பிறகுதான் உண்மை முகம் தெரியும். மூச்சு விடாமல் பத்துப் பதினைந்து தரம் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வரும். பலருக்கு வாந்தியும் வரும். இரவில்தான் அதிகம். சீனாவில் இதற்கு நூறு நாள் இருமல் என்றே பெயர்.

பெரிய பிள்ளைகளிடம் இந்த அடையாளமெல்லாம் தெளிவாக இருப்பதில்லை. 'ஊப்' சத்தம் பல பேருக்கு வரவே வராது. காய்ச்சலும் பெரிதாக இருக்காது. பகலில் நன்றாகத் திரிவான், மலைக்கும் போவான், ராத்திரி மட்டும் விட்டு விட்டு இருமுவான். இதைக் கண்டு குக்கல் என்று சொல்ல நல்ல அனுபவமுள்ள வைத்தியருக்கே கஷ்டம்.

"ஊசி போட்டாச்சே" என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் பிள்ளையின் கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்கள். இலங்கையில் முக்கூட்டுத் தடுப்பூசி 1961இல் வந்தது. இப்போது 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து கூட்டு ஊசியில் குக்கலுக்கான மருந்து இருக்கிறது. 18ஆவது மாதத்தில் போடும் ஊசியிலும் இருக்கிறது. ஐந்து வயதில் போடுவதில் இல்லை. அது தொண்டைக் கரப்பானுக்கும் ஏற்புவலிக்கும் மட்டும்தான். பிறகு ஏழாம் ஆண்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்து போடுகிறார்களே, அதுவும் அப்படியே. ஆக, ஒன்றரை வயதோடு குக்கலுக்கான ஊசி முடிந்துவிடுகிறது.

அந்த ஊசி கொடுக்கும் பாதுகாப்பு ஆயுள் முழுக்க நிற்பதில்லை. 4 முதல் 12 வருடங்களில் அது குறைந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நோயே வந்து போனாலும்கூட ஆயுள் பாதுகாப்பு கிடையாது. ஆகவே பத்தாம் ஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், கொழும்பில் கடையிலோ கார்மெண்டிலோ வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு வரும் பிள்ளைக்கும் குக்கல் வர முடியும். இதைக் கேட்டு "அப்ப ஊசி எதுக்கு?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. குக்கலில் செத்துப் போவது கைக்குழந்தைகள். அந்த வயதில் அவர்களைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான்.

சரி, எத்தனை பெரிய பிள்ளைகளுக்கு இது வருகிறது? அரசாங்கப் பதிவைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். செக்ரோலைப் பார்த்துத் தோட்டத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? அதில் இருப்பது வேலைக்குப் பேர் பதிந்தவர்கள் மட்டும். தாத்தா பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெளியூர் போனவர்கள் யாரும் அதில் இல்லை.

நோய்ப் பதிவும் அப்படித்தான். குக்கல் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகப்பட்ட வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வாரா வாரம் கணக்கு கொழும்பில் உள்ள தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் ஒரு ஆளின் பேர் அந்தக் கணக்கில் ஏற வேண்டுமானால் அவர் வைத்தியரிடம் போக வேண்டும், வைத்தியருக்குச் சந்தேகம் வர வேண்டும், நேரத்தோடு பரிசோதனை செய்ய வேண்டும், கடிதமும் போக வேண்டும். நம்ம பதினெட்டு வயதுப் பையன் முதல் படியிலேயே நின்றுவிடுகிறான். அப்படியே போனாலும் நான்காவது வாரம்தான் போவான். மூக்கின் உள்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் எடுத்துச் செய்யும் பரிசோதனை முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் நன்றாகச் சொல்லும். அதற்குப் பிறகு பெரும்பாலும் கிருமி போய்விட்டிருக்கும், இருமல் மட்டும் நிற்கும்.

இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். குக்கல் கிருமி உடம்புக்குள் ஒரு நச்சுப்பொருளை விடுகிறது. அதை எதிர்க்க நம் இரத்தம் பிறபொருளெதிரியை உண்டாக்கும். (விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.) தொற்றிய சில வாரங்களில் அது மிக உயர்ந்து, பிறகு மாதக் கணக்கில் மெல்ல இறங்கும். ஆகவே இருமல் நின்ற பிறகும், ஏன், பெரிதாக இருமாமலே நோய் வந்து போயிருந்தாலும், இரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். நம் நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. ஒன்றரை வயதுக்குப் பிறகு குக்கல் ஊசி இல்லாததால், பதினைந்து வயதுப் பிள்ளையின் இரத்தத்தில் அந்த அளவு உயர்ந்து நின்றால் அது ஊசியால் வந்ததாக இருக்க முடியாது. கிருமியே வந்து போயிருக்கிறது. 4 முதல் 24 வயது வரையான, நோய்க்குறி ஏதுமில்லாதவர்களின் இரத்தத்தை இப்படி அளந்து பார்த்த இலங்கை ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது.

எல்லாருடைய இரத்தத்தையும் எடுக்கத் தேவையில்லை. கொழுந்தின் தரம் பார்க்க முழுச் சாக்கையும் கொட்டியா எண்ணுகிறார்கள்? ஒரு பிடி எடுத்து, நல்ல கொழுந்து எத்தனை, முற்றின இலை எத்தனை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் பிடி எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். (சாக்கின் மேல்பக்கம் நல்ல கொழுந்தைப் போடுவது யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை!) இருமிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தவர்களிடம் மட்டும் இரத்தம் எடுத்தால் கணக்கு கூடிவிடும். பள்ளிக்கூடத்தில் மட்டும் எடுத்தால் படிப்பை விட்டவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

கணக்குப் போடும் விதத்தையும் பார்ப்போம். இந்த எண்கள் விளங்குவதற்காக நாங்களே போட்டவை. 200 இளைஞர்களைப் பார்த்ததில் 10 பேருக்கு அளவு உயர்ந்திருக்கிறது, அதாவது 100க்கு 5. அந்த உயர்வு ஒருவர் உடம்பில் ஆறு மாதம் நிற்கும் என்றால், நாம் கண்டது ஆறு மாதத்துத் தொற்றை மட்டும். வருடத்துக்கு 100க்கு 10 ஆகும். ஒரு வருடம் நிற்கும் என்றால் 5 தான். எத்தனை மாதம் நிற்கும் என்பதை எடுத்துக்கொள்ளும் விதத்தில் விடை இரட்டிப்பாகிறது. அதனால்தான் இதை மதிப்பீடு என்கிறோம், எண்ணிக்கை என்று சொல்வதில்லை.

வெளிநாடுகளில் இப்படித் தேடியபோது வந்த விடைகள் பலரை ஆச்சரியப்படுத்தின. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு நாளுக்கு மேல் இருமிய 130 மாணவர்களைப் பரிசோதித்ததில் 34 பேரிடம் குக்கல் தொற்றின் அடையாளம் இருந்தது. இது 1992இல் வெளியானது. இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பகுதியில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமிய 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 172 பேரில் 64 பேருக்கு அது இருந்ததாக 2006இல் எழுதினார்கள். அந்த 64 பேரில் 55 பேர் எல்லா ஊசியும் போட்ட பிள்ளைகள். நெதர்லாந்தில் 9 வயதுக்கு மேற்பட்ட பொதுமக்களின் இரத்தத்தைப் பார்த்தபோது, அண்மையில் தொற்று வந்ததன் அடையாளம் 1995-96இல் 100க்கு 4 பேரிடம் இருந்தது. 2006-07இல் அது 9ஐத் தாண்டிவிட்டது. அங்கெல்லாம் டாக்டரும் பரிசோதனைக் கூடமும் பக்கத்திலேயே உண்டு. அப்படியிருந்தும் இவ்வளவு பேர் கணக்கில் விடுபட்டுப் போயிருக்கிறார்கள்.

பெரிய பிள்ளைக்கு வந்தால் என்ன, இருமிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அவனுக்குத் தூக்கம் கெடும், நெஞ்சு நோகும், சில நாள் பேரும் போகும், அவ்வளவுதான். அதே காம்பராவில் கைக்குழந்தை இருந்தால்தான் கதை வேறு. பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஐந்து பேர், ஆறு பேர் படுக்கிறோம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு நம் மக்கள் பள்ளிக்கூடங்களிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இதைவிட நெருக்கமாகக் கிடந்தார்கள். எதிர்ப்பில்லாத பத்துப் பேர் வீட்டுக்குள் இருந்தால் எட்டு ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும் நோய் இது. முதல் ஊசி இரண்டு மாதம் முடிந்துதான். அதுவரை குழந்தைக்குத் தன் கவசம் இல்லை. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு ஒன்றிலேயே 14 கைக்குழந்தைகள் குக்கலில் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அங்கே கர்ப்பிணித் தாய்மாருக்குக் குக்கல் ஊசி போடத் தொடங்கினார்கள். நம் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குப் போடுவது ஏற்புவலி ஊசி, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே, பெரிய பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காச நோய்க்குச் சளிப் பரிசோதனை செய்வதும் அந்தக் கணக்கில்தான், இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். இருமிய பிறகு வாந்தி வருகிறதா, ராத்திரியில் கூடுகிறதா, வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள், கைக்குழந்தை உண்டா என்று கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குக்கலுக்கு எரித்ரோமைசின் வகை மருந்து கொடுப்பார்கள். பிந்திப் போனால் இருமலை அது பெரிதாகக் குறைக்காது. ஆனால் ஐந்து நாள் ஒழுங்காகக் குடித்தால் மற்றவர்களுக்குத் தொற்றுவது நிற்கும். வேலைக்குப் போகும் தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று: இருமுகிற அக்கா கையில் குழந்தையைக் கொடுத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்ப வேண்டாம். ராத்திரி இருமுகிற பிள்ளை குழந்தைக்குத் தூரமாக, கதவுப் பக்கம் படுக்கட்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இருமலுக்கென்று தேன் தடவுவதும் கூடாது.

சின்னக் குழந்தைகள் சில நேரம் இருமுவதே இல்லை. பால் குடிக்காமல் சோர்ந்து, திடீரென்று மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் தோட்டத்து வாகனத்தைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கிளினிக் கார்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.